தேங்காய் எழுந்தால் வண்டி ஓடும்

செவ்வாய், வெள்ளியில் காரைக்கால் பைபாஸ் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். சாலையோரமாக ஜனங்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டே போவார்கள். பஞ்சர் இல்லை. பெட்ரோல் தீர்ந்துபோகவும் இல்லை. அந்த வண்டிகளுக்குப் பெட்ரோலே வேண்டாம். எல்லாம் கரண்டு வண்டிகள். பிளக்கில் சொருகினால் போதும், பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடும் என்று பெயர் வாங்கினவை. அவற்றை வாங்கின மகராசன்களும் மகராசிகளும், ஹாண்டில்பாரில் அரளிப்பூ மாலை ஆட, முதுகில் வேர்வை வழிய, வீடு வரைக்கும் கையால் தள்ளிக்கொண்டு போவார்கள்.

ஏன் என்று கேட்டுப் பாருங்கள். முறைப்பார்கள்.

"சாவி போடக் கூடாதுங்க. சாமி உத்தரவு. வூட்டு வாசலத் தாண்டுற வரைக்கும் பேட்டரியில உயிரு ஒட்டாது."

கேட்டீர்களா? பேட்டரிக்கு உயிர் இருக்கிறதாம். அது வாசல் தாண்டினால்தான் ஒட்டுமாம். பக்கத்து ஜில்லாக்காரர்களெல்லாம் விலை மலிவு என்று காரைக்காலுக்கு வந்து பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் கரண்டு வண்டிக்கு இவ்வளவு கூட்டம் சேர்ந்ததென்றால் அது லேசுப்பட்ட சாமர்த்தியமா? அந்தச் சாமர்த்தியத்தின் பெயர் கரண்டு சாமி.

சொந்தப் பெயர் இளையபெருமாள். முன்பு போர் போட இடம் பார்த்துக்கொண்டிருந்தவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு வயலில் நடப்பார்; தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். எழுந்த இடத்திலெல்லாம் துளை போட்டார்கள். சில இடத்தில் நல்ல தண்ணீர் வந்தது, சில இடத்தில் உப்புத் தண்ணீர் வந்தது, பல இடத்தில் வெறும் புழுதி வந்தது. புழுதி வந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து தேடிக்கொண்டு வந்தபோது சாமி தீர்த்த யாத்திரை போயிருந்தார். யாத்திரை முடிந்து திரும்பினார். தேங்காய் அதேதான், தொழில் மட்டும் மாறியிருந்தது.

பைபாஸ் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஆள் முகம் தெரியாத அளவுக்குச் சாம்பிராணிப் புகை. பழைய கரண்டு வண்டி வாங்க நினைக்கிறவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும். சாமி வண்டியைச் சுற்றி வருவார். சீட்டுக்கு மேலே கையை நீட்டுவார். கையில் தேங்காய். எழுந்து நின்றால் பேட்டரியில் உயிர் இருக்கிறது. படுத்தே கிடந்தால் துர்மரணம், கண்ணேறு, கன்னி சாபம் ஏதோ ஒன்று. வந்தவர் மாதாகோயில்காரர் என்றால் தேங்காய்க்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியும் எரியும். சாமியிடம் அந்தப் பேதமெல்லாம் கிடையாது. யார் வைத்தாலும் தட்சணை தட்சணைதான்.

மூன்று சட்டங்கள் சுவரில் எழுதியிருந்தன. வாங்குமுன் ஓட்டிப் பார்க்கக் கூடாது. சாவி போடக் கூடாது. சீட்டைத் திறக்கக் கூடாது. பேட்டரி இருக்கிற இடம் வண்டிக்குக் கருவறை.

தேங்காய் படுத்துவிட்டதென்றால் அதற்கும் வழி உண்டு. சாமி கண்ணை மூடி ஞானதிருஷ்டியில் பார்ப்பார். "கெழக்கப் பாத்த வாசல்... முன்னால ஒரு வேப்பமரம்... அங்க ஒனக்குன்னு ஒரு வண்டி நிக்கிது." பக்தர் கொட்டகையை விட்டு வெளியே வருவார். எதிர்ச் சாரியில் கிழக்குப் பார்த்த வாசல். வேப்பமரம். 'ஜெயபிரகாஷ் - பழைய எலெக்ட்ரிக் வண்டிகள்' என்று ஒரு போர்டு. ஆகா, எப்பேர்ப்பட்ட திருஷ்டி! சாலையையே தாண்டிப் பார்த்துவிட்டதே!

இந்தக் கூட்டத்தில்தான் கிளிஞ்சல்மேட்டு அஞ்சுகமும் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து நின்றாள்.

அஞ்சுகத்துக்கு வண்டி ஆசைக்கு இல்லை, பிழைப்புக்கு. காலையில் படகு வந்ததும் ஏலத்தில் மீன் எடுத்து, நெரவி பக்கத்துக் கிராமங்களில் தெருத்தெருவாக விற்பவள். பஸ்ஸில் மீன்கூடையைக் கண்டாலே கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விசில் அடித்துவிடுகிறார். ஆட்டோ வைத்தால் லாபமெல்லாம் ஆட்டோவுக்கே. ஷேர் ஆட்டோவுக்காகக் காத்து நின்றால் ஐஸ் கரைந்து, மீன் குழைந்து, விலை பாதியாகிவிடும். வெயில் ஏறுமுன் நெரவி போய்ச் சேர ஒரு வண்டி இருந்தால் தொழில் நிற்கும். இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு கூடையைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். கட்டிவந்த சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. அது ஒரு தடவைதான் வரும். வாங்கினால் ஒரு வண்டி. தப்பாக வாங்கினால் இன்னொன்றுக்கு வழி கிடையாது.

நல்ல காலம், வண்டி தானாகவே தேடி வந்தது. நெரவியில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற ஆக்சிலியா பிரான்சில் இருக்கும் மகளிடம் நிரந்தரமாகப் போகிறாள். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டிக்கொண்டிருந்த கரண்டு வண்டியை விற்க வேண்டும்.

ஆக்சிலியா லேசில் மீன் வாங்குகிற பெண்மணி இல்லை. ஒவ்வொரு மீனாக எடுத்து, செவுளைத் தூக்கி, வயிற்றை அமுக்கி, கண்ணைப் பார்த்து, மோந்தும் பார்ப்பாள்.

"என்னாக்கா, இத்தன வருசமா வாங்குறீங்க, என்னைய நம்ப மாட்டீங்களா?" என்று அஞ்சுகம் தினமும் கேட்பாள்.

"ஒன்ன நம்புறேண்டி. மீனத்தான் நம்பல," என்று ஆக்சிலியா தினமும் சொல்வாள்.

வண்டி விஷயத்திலும் அப்படித்தான் சொன்னாள். "எடுத்துக்கிட்டுப் போ அஞ்சுகம். கூடைய வச்சி ஒரு நாளு பூரா ஓட்டிப் பாரு. புடிச்சா வச்சுக்க. புடிக்கலன்னா சனிக்கெழம பட்டினத்துலேருந்து ஒரு ஆளு வாரேன்னிருக்காரு, அவருக்குக் குடுத்துடுறேன்."

இதைவிட நேர்மையாக ஒருத்தி சொல்ல முடியுமா? ஆனால் அஞ்சுகத்தின் வீட்டுக்காரர் மாணிக்கவேல் காதில் அது ஏறவில்லை.

"சாமிகிட்ட காட்டாம பழைய வண்டிய வூட்டுக்குள்ள ஏத்துறதா? யாரு என்ன பாவத்த ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்களோ!"

"அந்தக்கா கோயிலுக்குத்தாங்க ஓட்டிக்கிட்டுப் போச்சி."

"கோயிலுக்குப் போறவங்ககிட்டதான்டி பாவம் கூட இருக்கும். இல்லாட்டி எதுக்குப் போறாங்க?"

அந்தத் தர்க்கம்தான் ஜெயித்தது. ஆக்சிலியாவின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

வரிசையில் நிற்பவர்களுக்கு மோர் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? எதிர்க்கடை ஜெயபிரகாஷேதான். தங்கமான மனுஷன். "யாரு வண்டிண்ணே இது? நெரவியா? ஓ, பிரான்சுக்குப் போறாங்களா! ஒத்தையாவா போறாங்க? பாவம்!" என்று அக்கறையாக விசாரித்தார். மாணிக்கவேல் மோர் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஜெயபிரகாஷ் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். புகைக்குள் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

இவர்களுக்கு முன்னால் நின்ற வண்டிகளுக்கு முறை வந்தது. சாமி ஒவ்வொன்றையும் இடது பக்கமாகவே சுற்றி வந்தார். தேங்காய் ஒன்றுக்கு எழுந்தது, ஒன்றுக்குப் படுத்தது, இன்னொன்றுக்கு எழுந்தது. எழுந்தபோதெல்லாம் கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

ஆக்சிலியாவின் வண்டிக்குத் தேங்காய் அசையவே இல்லை. செத்த பாம்பு மாதிரி கிடந்தது. சாமி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார்.

"கடல் தாண்டிப் போறவ கண்ணீரு இதுல எறங்கியிருக்கு! ஒத்தையாப் போறா! அவ அழுகை தெனம் தெனம் பேட்டரியக் குடிக்கும்!"

மாணிக்கவேலுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "பாத்தியாடி! அந்தம்மா வெளிநாடு போற விசயம் சாமிக்கு எப்புடித் தெரிஞ்சிச்சி?"

மோர் குடித்த வாயை இன்னும் துடைக்கவில்லை மனுஷன்.

அப்புறம் வேப்பமரம், கிழக்கு வாசல். ஜெயபிரகாஷ் கடையில் பளபளவென்று ஒரு வண்டி காத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பணத்தோடு வருவதாக மாணிக்கவேல் வாக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் விஷயம் ஷர்மிளாவுக்குத் தெரிந்தது. மாணிக்கவேலின் தங்கை. டவுனில் ஒரு பெட்ரோல் பங்கில் பில் போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். அதைவிட யோசனை நீளம்.

"ஏண்ணே, ஓட்டிப் பாத்தியா?"

"பாக்கக் கூடாதும்மா."

"சீட்டத் தொறந்து பேட்டரியப் பாத்தியா?"

"அது கருவறை."

"அப்ப என்னத்தத்தான் பாத்த?"

"தேங்காயப் பாத்தேன்!"

ஷர்மிளா சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த காக்கை பறந்துவிட்டது. "நீ வண்டி வாங்கப் போறியா, தொவையலுக்குத் தேங்கா வாங்கப் போறியா?"

மாணிக்கவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்கு வேற என்னா தோணும்? நீ பெட்ரோல் பங்குக்காரி. ஊருல எல்லாரும் கரண்டு வண்டி வாங்கிட்டா ஒன் வேலை போயிடும். அந்த எரிச்சலு!" இந்த விளக்கம் கொட்டகையில் கேட்டு வந்தது. பெட்ரோல் பங்க், மெக்கானிக் கடை, இரண்டையும் சேர்ந்தவர்கள் சொல்வதைக் கேட்கக் கூடாது என்று சாமி முன்கூட்டியே எச்சரித்திருந்தார். தீர்க்கதரிசி அல்லவா!

மாணிக்கவேல் வலை பின்னப் போனதும் ஷர்மிளா அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அஞ்சுகம் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நீங்க ஏலத்துல மீன் எடுக்குறப்ப தேங்கா வச்சா பாப்பீங்க?"

"போடி. செவுளத் தூக்கிப் பாப்பேன்."

"தூக்கிப் பாக்கக் கூடாது, செவுளு கருவறைன்னு விக்கிறவன் சொன்னா?"

"அழுவுன மீனத் தள்ளிவுடப் பாக்குறான்னு மூஞ்சிலயே..." என்று ஆரம்பித்த அஞ்சுகம் பாதியில் நிறுத்தினாள்.

எத்தனை வருஷமாக ஏலத்தில் நிற்கிறவள் அவள்! ஏலம் கேட்கும் இடத்தில் வாயால் மட்டுமா பேசுவார்கள்? ஒருத்தன் துண்டை உதறினால் ஒரு விலை, ஒருத்தன் காதைச் சொறிந்தால் ஒரு விலை. ஏலம் விடுகிறவனும் ஒரு வியாபாரியும் உள்ளுக்குள் பேசி வைத்திருந்தால் அவர்கள் கண் எங்கே போகிறது என்பதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை சாமியின் கண் எங்கே போனது?

"ஷர்மிளா, அந்த ஆளு தேங்காய நீட்டுறதுக்கு முன்னாடி எல்லா வண்டியிலயும் எடப்பக்கக் கண்ணாடியத்தாண்டி பாத்தான். நானும் என்னடா, கரண்டு சாமி அங்க தலை சீவிக்கப் போறானான்னு நெனச்சேன். தேங்கா எந்திரிச்ச வண்டியிலல்லாம் எடது கண்ணாடி வானத்தப் பாத்து இருந்திச்சி. நம்ம வண்டியில நேரா இருந்திச்சி."

"ஜெயபிரகாஷ் கடையில நிக்கிற வண்டியில?"

அஞ்சுகம் கண்ணை மூடி யோசித்தாள். வரிசையாக நின்றிருந்தன. அத்தனை இடது கண்ணாடியும் மழைக்குத் தவம் கிடப்பது மாதிரி மேலே பார்த்துக்கொண்டு.

"அடப் பாவி! அவன் கடை வண்டிக்கு மட்டுந்தான் தேங்கா எந்திரிக்கிது!" என்றாள்.

அண்ணனிடம் சொல்லிப் பயனில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். சொன்னால், சாமி கண்ணாடியில் தெய்வத்தின் முகம் பார்க்கிறார் என்பார். கண்ணால் பார்க்க வைத்தால்தான் உண்டு.

அதே தெருவில் அருள்மணி இருந்தான். தேங்காய் எழுந்து நின்று வாழ்த்தின வண்டியை வாங்கித் தள்ளிக்கொண்டு வந்தவன். வாங்கின கொஞ்ச நாளிலேயே அது கடைத்தெரு போய்த் திரும்ப முடியாமல் படுத்துவிட்டது. சாமியிடம் முறையிட்டபோது, "ஒன் வூட்டு பிளக் பாயிண்டு தென்மேற்குல இருக்கு. கரண்டு அப்புடி வந்தா உயிரு போகாம என்ன செய்யும்?" என்று சாமி கேட்டார். அருள்மணி சுவரை உடைத்து பிளக் பாயிண்டை வடகிழக்குக்கு மாற்றினான். அப்போதும் வண்டி எழவில்லை. கடைசியில் வீங்கிப்போன பேட்டரியைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டான். வண்டி இப்போது அவன் வீட்டு வாசலில் வலை காயப்போடத்தான் உதவியது. ஆனாலும் பிளக் பாயிண்டின் மீதுதான் அவனுக்குச் சந்தேகம். சாமியின் மீது இல்லை.

"வண்டிய ஒரு நாளு குடு அருள்மணி," என்று கேட்டாள் அஞ்சுகம்.

"அது ஓடாதே மதினி."

"ஓட வேண்டாம். தள்ளத்தான் போறேன். அதான சட்டம்?"

வெள்ளிக்கிழமை வந்தது. மாணிக்கவேல் புதுவேட்டி கட்டி, சீட்டுப் பணத்தை மடியில் செருகிக்கொண்டு ஜெயபிரகாஷ் கடைக்குக் கிளம்பினார். "நானும் வாரேண்ணே, மாலை எடுத்துக் குடுக்குறேன்," என்று ஷர்மிளா பயபக்தியோடு கூடவே போனாள். தங்கை திருந்திவிட்டாளே என்று மாணிக்கவேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடையில் ஷர்மிளா ஜெயபிரகாஷை நகரவிடவில்லை. எந்த நிற வண்டி எந்த ராசிக்கு ஆகும், சார்ஜர் வயரைத் தாண்டலாமா, வண்டிக்குப் பெயர் வைத்துக் காது குத்தலாமா என்று ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த மனுஷனும் சளைக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பணம் இன்னும் மடியை விட்டு வெளியே வரவில்லையே!

அதே நேரம் எதிர்க்கொட்டகையில் அஞ்சுகம், அருள்மணியின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். நன்றாகக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்திருந்தாள். இடது பக்கக் கண்ணாடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால் ஒருவர் லேசாக மூக்கைச் சுளித்தார். என்ன வாடையோ, அதைச் சாம்பிராணிப் புகை உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டது.

சாமி வந்தார். இடது பக்கமாகச் சுற்றினார். கண்ணாடியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கையை நீட்டினார். தேங்காய், எஜமானைக் கண்ட நாய்க்குட்டி மாதிரி விறுக்கென்று எழுந்து உட்கார்ந்தது.

"அப்பா!" என்றது கூட்டம்.

"உயிரு இருக்கு!" என்று முழங்கினார் சாமி. "சுத்தமான உயிரு! பச்சைக் கொழந்த மாதிரி மூச்சு வுடுது! இந்த வண்டி ஒன்னைய ஏழு ஊரு சுத்திக் காட்டும்!"

"சாமி, கொஞ்சம் இருங்க. எங்க வூட்டுக்காரரு எதுத்தாப்புல நிக்கிறாரு. அவரு காதுலயும் இது வுழணும்." அஞ்சுகம் கொட்டகை வாசலுக்கு வந்து ஒரு குரல் கொடுத்தாள். மீன் விற்ற குரல். கடலுக்கே கேட்டிருக்கும்.

மாணிக்கவேலும் ஷர்மிளாவும் ஓடி வந்தார்கள். பின்னாலேயே ஜெயபிரகாஷ். அன்றைக்குத் தன் கடையிலிருந்து போகாத வண்டியில் தன் கடைக் கண்ணாடி அடையாளத்தைக் கண்டதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது. சாமியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். காதைச் சொறிந்தார். கையை இல்லை இல்லை என்று ஆட்டினார். பாவம் சாமி, கண்ணாடிப் பாஷை மட்டும்தான் படித்திருந்தார். கூட்டாளி உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உச்சஸ்தாயிக்குப் போனார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க சாமி. இந்தக் கருவறைக்குள்ள உயிரு இருக்கா?"

"ஜோதி மாதிரி நிக்கிதும்மா!"

"நெசமா?"

"என் தேங்கா பொய் சொல்லாது!"

அஞ்சுகம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, சீட்டுப் பூட்டில் போட்டுத் திருகினாள். "கூடாது! தெய்வக் குத்தம்!" என்று சாமி கத்துவதற்குள் சீட்டைத் தூக்கிவிட்டாள்.

உள்ளே பேட்டரி இல்லை. பேட்டரி இருக்க வேண்டிய குழியில் ஒரு பாலிதீன் பை. அஞ்சுகம் அதன் முடிச்சை அவிழ்த்தாள். சாம்பிராணி அந்த நிமிஷமே தோற்று ஓடியது.

கருவாடு. நல்ல வாளைக் கருவாடு. பக்கத்தில் ஒரு கை நெத்திலி.

ஒரு வாளையை வாலைப் பிடித்துத் தூக்கிச் சாமியின் மூக்குக்கு நேரே ஆட்டினாள் அஞ்சுகம். "செத்து, வயித்தக் கீறி, குடல எடுத்து, உப்பு வச்சி, வெயில்ல காஞ்சி வெறைச்சிப் போனது சாமி இது. நான்தான் காயவச்சேன். இதுக்கா உயிரு இருக்குங்குறீங்க? இதுவா பச்சைக் கொழந்த மாதிரி மூச்சு வுடுது?"

பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் எங்கேயோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது பற்றிக்கொண்டது.

"கடல் மாதா சோதிக்கிறா..." என்று சாமி ஆரம்பித்தார். "கருவாடும் ஒரு காலத்துல உயிரோட இருந்திச்சில்ல... அந்த வாசனையில தேங்கா..."

"சரி சாமி, அதையும் நம்புறேன். கண்ணக் கட்டிக்கிட்டு ஒரே ஒரு வண்டிக்குச் சொல்லுங்க. தேங்காய்க்கு எதுக்குக் கண்ணு? அதுக்குத்தான் தானாவே மூணு இருக்கே." ஷர்மிளா துண்டை நீட்டினாள்.

சாமி பின்வாங்கினார். இந்த உலகத்திலேயே கண்ணைக் கட்டினால் தெரியாமல் போகிற ஞானதிருஷ்டி அது ஒன்றுதான்.

அஞ்சுகம் அவர் கையிலிருந்த தேங்காயைப் பிடுங்கினாள். உள்ளங்கையில் படுக்கவைத்தாள். விரல்களை லேசாக மடக்கி, மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தாள். எழுந்து நின்றது. விரலை விட்டாள். படுத்தது. மடக்கினாள். எழுந்தது. "கூடை தூக்குற எல்லாக் கைக்கும் இது வரும்," என்றாள். "நிக்கணும்னா நாந்தான் நிப்பாட்டணும். படுக்கணும்னா நாந்தான் படுக்க வைக்கணும். நான் எப்ப எதச் செய்யணும்னு அந்தா, அந்தக் கண்ணாடி சொல்லும். எல்லாரும் போயி எதுக்கடை வண்டியப் பாருங்க. ஒண்ணு வுடாம எடது கண்ணாடி எங்க பாக்குதுன்னு பாருங்க!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வேப்பமரத்தடியில் அத்தனை கண்ணாடிகளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சிரிப்பு நின்றுவிட்டது. போன வாரம் வண்டி தள்ளிக்கொண்டு போன ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஜெயபிரகாஷ் எப்போது மறைந்தார் என்று யாருக்கும் தெரியாது. கடையின் பின்பக்கம் ஒரு பெட்ரோல் வண்டி உறுமிக்கொண்டு போன சத்தம் மட்டும் கேட்டது. அவர் சொந்த உபயோகத்துக்கு என்ன வைத்திருந்தார் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

சாமிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கொட்டகை வாசலில் மாலை போட்டு நின்ற வண்டியில் தாவி ஏறினார். சற்று முன்னால் தானே உயிர் சொல்லி, தானே பூ வைத்த வண்டி. சாவி அதிலேயே இருந்தது. முறுக்கினார். வண்டி கிளம்பியது. நன்றாகத்தான் போனது, பாலம் வரைக்கும். பாலத்தின் ஏற்றத்தில் ஒரு முனகல் முனகியது, அப்புறம் நின்றேவிட்டது. சாமி உதைத்தார், உலுக்கினார், கடைசியில் இறங்கினார். தள்ளினார்.

பின்னாலேயே ஓடி வந்த அருள்மணிதான் முதலில் போய்ச் சேர்ந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்:

"சாமி, ஒங்க கொட்டாயில பிளக் பாயிண்டு எந்த மூலையில இருக்கு?"

ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து சாமியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். அந்த வண்டியையும் அவரே தள்ளிக்கொண்டு வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கொட்டகையில் கூட்டம் கலைந்தது. ஒரே ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி அஞ்சுகத்தின் பக்கத்தில் வந்தார். கழுத்தில் மாலை, நெற்றி நிறையத் திருநீறு.

"அம்மா... சாமி வாயால உயிரு இருக்குன்னு சொல்லிட்டாரு. சும்மா சொல்லியிருக்க மாட்டாரு. அந்தக் கருவாட்டுல ஒரு துண்டு குடுத்தீங்கன்னா பூஜையில வச்சிக்குவேன்."

அஞ்சுகம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு துண்டு என்ன, பையையே அவர் கையில் கொடுத்தாள்.

"கத்திரிக்கா போட்டுக் கொழம்பு வச்சிச் சாப்புடுங்கய்யா. பூஜையில வச்சீங்கன்னா பூனதான் புண்ணியம் கட்டிக்கும்."

அன்று மத்தியானமே அவள் நெரவிக்குப் போனாள். ஷர்மிளாவும் கூடப் போனாள். மாணிக்கவேலும் பின்னால் வந்தார். மடியில் பணம் அப்படியே இருந்தது. முகத்தில்தான் ஒன்றும் இல்லை. அஞ்சுகம் ஆக்சிலியாவின் வண்டியைச் சுற்றி வந்தாள். சீட்டைத் திறந்து பேட்டரியைத் தூக்கி வெளியே எடுத்து, அடிப்பக்கம் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பிரேக்கைப் பிடித்தாள். டயரில் நகத்தை வைத்துப் பார்த்தாள். சார்ஜரைப் போட்டு, சூடு ஏறுகிறதா என்று அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று ஷர்மிளாவை விட்டு வாசிக்கச் சொன்னாள்.

ஆக்சிலியா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "என்னடி, என்னைய நம்ப மாட்டியா?"

"ஒங்கள நம்புறேங்க்கா. வண்டியத்தான் நம்பல."

வண்டியை அன்று வீட்டுக்கு எடுத்துவந்து, மறுநாள் விடியற்காலையில் முழுச் சார்ஜில், பின்னால் ஐஸ் போட்ட மீன்பெட்டியைக் கட்டி, கிளிஞ்சல்மேட்டிலிருந்து கிளம்பினாள். கிராமமெல்லாம் சுற்றினாள். பாலத்தின் ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, நின்ற இடத்திலிருந்தே மறுபடி ஏற்றிப் பார்த்தாள். ஏறியது. வெயில் ஏறுமுன் பெட்டி காலியாகிவிட்டது. சார்ஜில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நேராக ஆக்சிலியா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். பட்டினத்து ஆள் வருமுன்பே பணம் கை மாறியது.

பணத்தோடு அங்கே வந்திருந்த மாணிக்கவேல் வண்டியை ஒருமுறை பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மெல்லக் கேட்டார்:

"ஒரே ஒரு தேங்கா மட்டும் ஒடச்சிக்கலாமா?"

"தாராளமா ஒடைங்க தம்பி," என்றாள் ஆக்சிலியா. "சட்டினி அரைச்சித் தாரேன்."

பைபாஸ் கொட்டகை இப்போது காலியாகக் கிடக்கிறது. ஆனால் தகரம் நல்ல தகரம். அடுத்த ஆள் வர நாளாகாது. அவர் கையில் தேங்காய்க்குப் பதில் எலுமிச்சம்பழம் இருக்கலாம், செல்போன் இருக்கலாம். அரைக்கிலோ மத்திக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கிற கை நம் எல்லோருக்கும் இருக்கிறது. இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுக்கொண்டு நின்றால் எந்தக் கையால் தூக்கிப் பார்ப்பீர்கள்?